பாராடங் வழியில்

ஊரிலிருந்து அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்பவர்கள் எல்லாரும் கேட்பது மூன்றே கேள்விகள்தான். முதல் கேள்வி, அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா? கிடைக்கும் சாமி. இட்லி, பரோட்டா, மீன் குழம்பு எல்லாமே கிடைக்கும். நம்ம ஆட்கள் இல்லாத ஊரா இது? இரண்டாவது, ஹேவ்லாக் போகிற கப்பலில் வாந்தி வருமா? வரும் :-) மூன்றாவது கேள்வி மட்டும் கொஞ்சம் குரலை இறக்கிக்கொண்டு வரும். "அந்தக் காட்டு ஜனங்களைப் பார்க்கலாமாமே, துணிமணி கூட கிடையாதாமே, அது எந்தப் பக்கம்?"

(மறக்கும் முன் ஒன்று. ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. நான் இருக்கும் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். போர்டு மாறிவிட்டது, வாய் மாறவில்லை. பழைய பெயர்களிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாங்க் மாற்றலில் இங்கே வந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. மூன்று வருடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊர் பிடித்துப்போய் நானே நீட்டிக் கேட்டு வாங்கினேன். அலுவலகத்தில் பாதி நேரம் இந்தி, கவுண்டரில் பெங்காலியும் தெலுங்கும் மலையாளமும் கலந்து அடிக்கும். முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் இது நம்ம ஊர்தானா என்று சந்தேகம் வந்துவிடும். அப்படி ஒரு ஊர். இங்கே வாழ்பவர்களில் ஏறக்குறைய எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள். வராமல் இங்கேயே இருந்தவர்கள் மொத்தம் சில நூறு பேர்தான். அவர்களைப் பற்றித்தான் அந்த மூன்றாவது கேள்வி.

கேட்பவர்கள் சொல்வது ஜாரவாக்களை. 2001 கணக்கெடுப்பில் 240 பேர், 2011-ல் 380 பேர். நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம். தெற்கு, மத்திய அந்தமானின் மேற்குப் பக்கக் காட்டில் இருக்கிறார்கள். சுமார் 1,028 சதுர கிலோமீட்டர் காடு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒதுக்கிய காட்டின் ஓரத்தையும் நடுவையும் கிழித்துக்கொண்டு போகிறது அந்தமான் டிரங்க் ரோடு. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை சுமார் 330 கிலோமீட்டர். அதில் ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை சுமார் 49 கிலோமீட்டர் ஜாரவா காடு. அந்தப் பக்கம் போனால் பாராடங் தீவு. சுண்ணாம்புக் குகை, சேறு கொப்பளிக்கும் எரிமலை (பெயர்தான் எரிமலை, நம்ம வீட்டுச் சட்டியில் கூழ் கொதிப்பது போலத்தான் இருக்கும்), சாயங்காலம் கிளிகள் வந்து அடையும் ஒரு குட்டித் தீவு.

வேலை நிமித்தம் ரங்கத் கிளைக்கு நான் அடிக்கடி போக வேண்டியிருக்கும். கப்பல் கிடைத்தால் கப்பல், இல்லையென்றால் இந்த ரோடுதான். விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். ஜிர்காடாங்கில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இருட்டில் டீக்கடை வெளிச்சம் மட்டும். பெயர், அடையாள அட்டை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட் திறந்ததும் முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி, நடுவில் மொத்த ஊர்வலமும் கிளம்பும். இதற்குப் பெயர் கான்வாய். வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. எல்லாம் போர்டில் பெரிசாக எழுதியிருக்கும்.

அந்த வரிசையில் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ரங்கத், மாயாபந்தர் போகிற உள்ளூர் பஸ்ஸில் ஆட்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் டூரிஸ்ட் வண்டிகளில் ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இருக்காது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை நடக்கும். குகை பார்க்கத்தான் போகிறோம் என்பார்கள் எல்லாரும். இருக்கலாம். ஆனால் கடல் வழியாகப் போய் அதே குகையைப் பார்க்கலாமே என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்குக் குகை மேல் இருந்த ஆசை போய்விடும்.

எனக்குத் தெரிந்த டாக்சி டிரைவர் ஒருத்தர், இங்கேயே பிறந்தவர், அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கம். அவர் சொல்வார்: "போகும்போது நூறு கேள்வி கேப்பாங்க சார். இன்னிக்கு வருவாங்களா, எந்தப் பக்கம் உக்காரணும், எத்தன பேரு இருப்பாங்கன்னு. யாரும் தென்படலைன்னா திரும்பி வரும்போது ஏதோ நான் ஏமாத்திட்ட மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க." புலி தென்படாத சரணாலயத்தில் கைடைத் திட்டுகிற மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே தென்பட வேண்டியவர்கள் மனிதர்கள்.

*

ஜாரவா என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே கிடையாது. பக்கத்தில் வாழ்ந்த கிரேட் அந்தமானியரில் அக்கா-பியா என்ற பிரிவினர், இவர்களை 'வேற்று ஆள்' என்ற அர்த்தத்தில் அப்படிச் சொன்னார்கள். பிரிட்டிஷ்காரன் அதைக் கேட்டு எழுதிவைத்தான், நாமும் அதையே அரசிதழ் வரை கொண்டுபோய்விட்டோம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ஆங்' என்று.

பெயரே இப்படி என்றால் கதைகளுக்குக் கேட்கவா வேண்டும். மார்க்கோ போலோ இந்தத் தீவில் நாய்த்தலை மனிதர்கள் இருக்கிறார்கள், ஆளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று எழுதிவைத்தார். 1890-ல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் ஒன்றில் அந்தமானிலிருந்து வந்த குள்ளமான ஒரு கொலைகாரனை வைத்தார். அவன் ஊதுகுழலில் விஷ முள் வைத்து ஊதுவான். அந்தமான் பழங்குடிகளிடம் ஊதுகுழலும் கிடையாது, விஷமும் கிடையாது. வில்லும் அம்பும்தான். ஆனால் படிக்கிறவனுக்கு அது எதற்கு? நம்ம ஆளுங்களும் சளைத்தவர்கள் இல்லை. இன்றைக்கும் பத்திரிகையில் இவர்களைப் பற்றி ஒரு பத்தி வந்தால் முதல் வரியில் 'கற்கால மனிதர்கள்' என்று வந்துவிடும். ஜாரவாக்களின் அம்பு முனை இரும்பு. வெளியார் யாரையும் அண்ட விடாத சென்டினல் தீவுக்காரர்களே, 1981-ல் அவர்கள் தீவருகே தரைதட்டி நின்ற 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பலிலிருந்து இரும்பு எடுத்துப் பயன்படுத்தியவர்கள். கிடைத்ததில் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிடுகிற ஆளைக் கற்காலம் என்று எப்படிச் சொல்வது? அவர்களும் நம்மோடு இதே வருடத்தில்தான் வாழ்கிறார்கள்.

*

இதெல்லாம் எனக்கு வெறும் பொதுஅறிவாக இல்லாமல் வீட்டுச் சண்டையாக மாறியது போன டிசம்பரில். பாளையங்கோட்டையிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா ரிடையர்டு ஹெட்மாஸ்டர், இங்கிலீஷ் வாத்தியார். என்னைப் படிக்க வைத்ததில் பாதிப் பங்கு அவருக்கு உண்டு. செல்லுலார் ஜெயிலில் ஒவ்வொரு கல்வெட்டாக நின்று படித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏ மருமவனே, பாராடங்குக்கு வண்டி பேசிட்டியா?"

"அந்த ரோட்டுல சுத்திப் பார்க்கன்னு போறதுக்கு நான் வண்டி பேசித் தர்றதில்ல மாமா. கப்பல் இருந்தா டிக்கெட் எடுக்கேன்."

"நான் என்ன கல்லெறியவா போறேன்? கண்ணால பாக்கத்தானல போறேன்."

அதுதான் மாமா கஷ்டமே, என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது ராத்திரி பத்து மணி வரை ஓடியது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன், கொஞ்சம் கோர்வையாக.

அந்தமானில் 1858-ல் பிரிட்டிஷ்காரர்கள் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கினார்கள். அப்போது கிரேட் அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். அடுத்த வருடமே அபர்தீனில் பிரிட்டிஷாரோடு மோதித் தோற்றார்கள். அதன் பிறகுதான் நிஜமான ஆபத்து, அதாவது சிநேகம், ஆரம்பித்தது. 'அந்தமான் ஹோம்' என்று இல்லங்கள் கட்டி அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். சாப்பாடு, புகையிலை, வேடிக்கை பார்க்க வரும் துரைமார்கள். அதிகாரியாக இருந்த போர்ட்மன் என்பவர் அவர்களை நிற்க வைத்து, உட்கார வைத்து, அளந்து, நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தன. 1877-ல் அம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். பத்தொன்பது! 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற பாட்டி இறந்தபோது 'போ' என்ற மொழி பேச உலகத்தில் ஆளே இல்லாமல் போனது. இப்போது அவர்களில் மிஞ்சியவர்கள் ஐம்பது சொச்சம் பேர். 2020-ல் கொரோனா அவர்களையும் தேடி வந்து பத்துப் பேரைப் பிடித்தது.

ஜாரவாக்கள் இதை எல்லாம் பக்கத்துக் காட்டிலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் அம்பு விட்டே நூறு வருடத்துக்கு மேல் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். டிரங்க் ரோடு போடும்போதும் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் சாவு விழுந்தது. இன்னொரு பக்கம் 1974-லிருந்து அரசாங்கப் படகில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்துச் சிநேகம் பிடிக்கும் முயற்சி நடந்தது. நாள் போகப் போக அந்தப் படகில் பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்கப் போவதும் வழக்கமாகிவிட்டது. இங்கே சுற்றுலா என்பதை ஆரம்பித்து வைத்தவர்கள் டிராவல் ஏஜென்ட்டுகள் இல்லை, அரசாங்க விருந்தாளிகள்!

1996-ல் கால் உடைந்து கிடந்த ஒரு ஜாரவா பையனைக் கொண்டுவந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். 1997 கடைசியில் ஜாரவாக்கள் வில் அம்பு இல்லாமல் பகலில் ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வந்ததும் நடந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ரோட்டில் பஸ்ஸிலிருந்து பிஸ்கட், பழம், புகையிலை. 1999-ல் தட்டம்மை. காட்டுக்குள் பன்றியும் மானும் நண்டும் திருட வெளியார்கள். ஆக, அதே கதையின் இரண்டாம் பாகம்.

உச்ச நீதிமன்றம் 2002 மே மாதமே, ஜாரவா காட்டுக்குள் போகும் பகுதியில் இந்த ரோட்டை மூடச் சொல்லிவிட்டது. சேகர் சிங் கமிஷன் அறிக்கையை வைத்து வந்த உத்தரவு அது. நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் ஏதோ ஒரு கான்வாய் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். 2004 டிசம்பரில் ஜாரவா கொள்கை என்று ஒன்று வந்தது. அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அவர்களைப் 'பொது நீரோட்டத்தில்' இழுக்கக் கூடாது என்கிற நல்ல கொள்கை. அதே டிசம்பர் கடைசியில் சுனாமி.

2012 ஜனவரியில் 'அப்சர்வர்' என்ற லண்டன் பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களை உணவைக் காட்டி ஆடச் சொல்லுகிற குரல். உலகமே காறித் துப்பியது. நிர்வாகம் முதலில் சொன்ன பதில், அது பழைய வீடியோ என்பது. (பழைய வீடியோ என்றால் பழைய காலத்திலிருந்தே நடக்கிறது என்றுதானே அர்த்தம்?) அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டூரிஸ்டுகள் அந்த ரோட்டில் போகவே தடை போட்டது. ஆறு வாரம். மார்ச்சில் தடை நீங்கியது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாமா, "அப்போ மியூசியத்துல வைக்கச் சொல்லுதியா அவங்கள? பள்ளிக்கூடம் வேண்டாமா, ஆஸ்பத்திரி வேண்டாமா?" என்றார்.

நல்ல கேள்விதான். இந்தக் கேள்வியோடு ஒருத்தர் 1999-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். ஜாரவா இளைஞர்கள் பலர் இப்போது இந்தி பேசுகிறார்கள், ரோட்டோரம் அவர்களாகவே வருகிறார்கள், நம்மிடம் இருக்கும் சில பொருட்கள் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று பேசுகிறவர்களும் ஒருவகையில் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான். என் கட்சி சின்னது. பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ய இன்னும் எத்தனை வருடம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். அந்த முடிவுக்கும் ஜன்னல் சீட்டு டூரிஸ்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் யாரும் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுக்கப் போவதில்லை.

ஊட்டியில் தோடர் மந்துக்குப் போய்ப் பார்க்கிறோமே, அது மட்டும் சரியா என்றும் மடக்கினார் மாமா. அது முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோடர்களுக்கு நம்மோடு தமிழில் சண்டை போடத் தெரியும். வராதே என்று சொல்லத் தெரியும். அவர்கள் பூத்தையல் சால்வைக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கி, இதுதான் விலை, வேண்டுமென்றால் வாங்கு என்று சொல்லத் தெரியும். ரோட்டோரம் நிற்கிற ஜாரவாக் குழந்தைக்கும் பஸ்ஸில் போகிறவருக்கும் நடுவில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

அத்தை அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், "நான் போகல. நீங்க வேணா போயிட்டு வாங்க" என்று முடித்துவிட்டார்.

மாமா போனார். லாட்ஜ் பக்கத்தில் இருந்த ஒரு டிராவல்ஸில் தானே சீட்டு போட்டுக்கொண்டு, விடியற்காலை இரண்டரை மணிக்கு மப்ளர் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கதவைத் திறந்து விட்டேன், பேசிக்கொள்ளவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வந்தவர் குளித்துவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டார். அடுத்த நாள் மத்தியானம்தான் வாயைத் திறந்தார்.

"போகும்போது ஒருத்தரும் இல்ல. வரும்போது ஒரு பொம்பள, இடுப்புல பிள்ள. கூட ரெண்டு பையங்க. பக்கத்துல போலீஸ்காரர் நிக்காரு. வண்டில இருந்த பூரா பேரும் எந்திச்சு ஒரே பக்கமா வந்துட்டானுவ. எனக்கு முன் சீட்டுக்காரன் ஜன்னல் வழியா பிஸ்கட் பாக்கெட்ட விட்டெறிஞ்சான். கொடுக்கல மருமவனே, எறிஞ்சான். என்னய்யா பண்ணுதேன்னு கேட்டேன். பெரிசு, நீயும் பாக்கத்தான வந்தேன்னு கேக்கான்."

"அந்தப் பொம்பள பிஸ்கட்ட எடுத்துச்சா?" என்றார் அத்தை.

"பாக்கல. வண்டி போயிட்டு."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்கிற கட்சியில் மாமா இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை போனில் அது ஓடும்.

*

சென்டினல் தீவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான் வரும். சுனாமிக்குப் பிறகு ஹெலிகாப்டரைப் பார்த்து வில்லை வளைத்த மனிதனின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 29 தீவுகளுக்கு வெளிநாட்டினருக்கான சிறப்பு அனுமதி விதியைத் தளர்த்தியது. சுற்றுலா வளரட்டும் என்று. அந்தப் பட்டியலில் சென்டினல் தீவும் இருந்தது! பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருந்ததால் அங்கே போவது அப்போதும் குற்றம்தான். என்றாலும் இதைப் பட்டியலில் சேர்த்தவரின் வேலைச் சுத்தத்தை என்ன சொல்ல. அந்த நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்கர் மதம் பரப்பப் போய்க் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் படகில் போய் இறங்கி, ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக் டின்னும் வைத்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டார். ஒரு தும்மல் போதும் அந்தத் தீவைக் காலி செய்ய. சென்டினல்காரர்களிடம் அம்பு இருக்கிறது என்பதால் அவர்களைக் கொடூரமானவர்கள் என்கிறோம். அம்பைக் கீழே வைத்த ஜாரவாக்களுக்கு பிஸ்கட் எறிகிறோம்.

இன்னொரு கூட்டமும் இங்கே உண்டு. சோட்டாநாக்பூரிலிருந்து பிரிட்டிஷ் காலத்திலேயே காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள். இங்கே எல்லாரும் 'ராஞ்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சொந்த ஊரில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், இந்தத் தீவுகளில் இல்லை. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் இன்று சர்ர்ரென்று போகிற ரோடுகளுக்கு மரம் வெட்டியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். எங்கள் கிளைக்குத் தண்ணீர் கேன் போடும் பெரியவர் ஒரு ராஞ்சிக்காரர். பாண்ட் சட்டை போட்டிருப்பதால் அவரை ஆதிவாசியாக யாருக்கும் தெரிவதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களில் ஒருத்தர் கூட அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை.

*

ரங்கத் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் பெங்காலி நண்பருக்கு என் பேச்சில் பாதிதான் பிடிக்கும். அவர் தாத்தா கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் குடியேறியவர். "ரோட்டை மூடு என்று போர்ட் பிளேரில் உட்கார்ந்து சொல்வது சுலபம். என் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது கடலில் புயல் சின்னம், கப்பல் கிடையாது" என்பார். ராத்திரியில் கேட் மூடியிருக்கும், அவசரத்துக்குத் தனி அனுமதி வாங்கித்தான் ஆம்புலன்ஸ் போக வேண்டும். அவர் அம்மா பிழைத்துக்கொண்டார். அவரிடம் எனக்குப் பதில் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ரங்கத்துக்காரர் வீட்டுக்குப் போகிறார், டூரிஸ்ட் பொழுதுபோக்கப் போகிறார், இரண்டையும் ஒரே கான்வாயில் வரிசை கட்டி அனுப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. போதுமான கப்பல்களை நேரத்துக்கு விட்டால் ரங்கத்துக்காரரே பாதி நாள் கடல் வழியில் போய்விடுவார். இதை அவரும் ஒத்துக்கொள்வார், கப்பல் டிக்கெட் கவுண்டரில் நின்ற அனுபவம் அவருக்கும் உண்டு.

சரி, பேசுகிறாயே, உன் பாங்க்கில் டூரிஸ்ட் வண்டிக்குக் கடன் கொடுப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறோம். என் மேஜை வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு டெம்போ டிராவலர் விண்ணப்பத்திலும் எதிர்பார்க்கும் வருமானம் என்ற இடத்தில் முதல் வரி பாராடங் டிரிப்தான். அந்த 2013-ன் ஆறு வாரத்தில் தவணை கட்ட முடியாமல் திண்டாடியதை டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள். நாளைக்கு இன்னொரு நீதிமன்ற உத்தரவு வந்தால் முதலில் அடிபடப் போகிறவர் அந்த டிரைவர், குகையைப் போட்டோ போட்டு விற்கும் கம்பெனி இல்லை.

போன மாதம் ராமநாதபுரத்து டிரைவரே விண்ணப்பத்தோடு வந்தார், சொந்த வண்டி வாங்க. பாராடங்கை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள் அண்ணே என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். கடன் அதிகாரியாக எனக்கு அதைக் கேட்க நியாயம் உண்டு. எந்த நாளும் நின்றுபோகக்கூடிய வருமானத்தை நம்பிக் கடன் கொடுப்பது எங்கள் பாஷையில் ரிஸ்க். அவர் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். ஏர்போர்ட், சிடியா டாப்பு, வண்டூர், ஜெயில் லைட் ஷோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை மாலை. கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடத் தவணைக்கு மாதம் நாலாயிரம் இடித்தது. ஏழு வருடமாக்கினால் சரியாக வந்தது. "வட்டி கூடப் போவுமே சார்" என்றார். போகும் என்றேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், வியாழக்கிழமை வந்து ஏழு வருடத்துக்கே கையெழுத்துப் போட்டார். ஃபைல் மேலே போயிருக்கிறது.